கசக்காத மாத்திரை

1961 ஆடி மாதம், காலை ஏழு மணி. பாலக்கரையில் நஜிமுதீனின் வீட்டில், அவருடைய மனைவி சுராயா கட்டிலடியில் பேச்சுமூச்சின்றிக் கிடந்தாள். பக்கத்தில் கஞ்சிக் கோப்பை கவிழ்ந்திருந்தது.

"கஞ்சியில என்னத்தையோ கலந்துட்டா!"

சுராயாவின் தாய் சாரா பீவி அலறியதில் தெருவே கூடிவிட்டது. அவர் கை காட்டியது நஜிமுதீனின் விதவைத் தங்கை கமருன்னிசாவை. அந்த வீட்டில் சமையல் அவள் பொறுப்பு.

இன்ஸ்பெக்டர் அற்புதசாமி கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் விரைந்து வந்த டாக்டர் வேதவல்லி, சுராயாவின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டியிருந்தார்.

"எழுபதுக்குக் கீழ போயிடுத்து. போன மாசம் நூத்தி எழுபது! இவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு வியாதி. கால் விழுந்து கிடந்தவ, ஸ்டீராய்டு மாத்திரையாலதான் எழுந்து நடந்தா. அந்த மருந்து பிரஷரை ஏத்தும். இப்படி இறங்க வழியே இல்லையே!"

"குறைஞ்சா நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டார் நஜிமுதீன்.

அற்புதசாமி சமையலறைக்குப் போனார். கமருன்னிசா சுவரோரம் ஒடுங்கி நின்றாள்.

"கஞ்சி வேற யார் குடிச்சீங்க?"

"நானும் அண்ணனும். அதே பானைதாங்க."

"மாத்திரை யார் கொடுப்பாங்க?"

"அண்ணன்தான். பீரோவுல பூட்டி வச்சிருக்கும். நான் தண்ணியும் கற்கண்டும் கொண்டுபோவேன். மாத்திரை அவ்வளவு கசக்குமாம். இப்ப கொஞ்ச நாளா கற்கண்டு வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"கசக்கலைன்னாங்க மதினி."

அற்புதசாமி சட்டென்று திரும்பினார். பீரோவைத் திறக்கச் சொல்லி, புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். அதே நிறம், அதே அளவு. டாக்டர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"இது அந்த மருந்தே இல்லை. கசப்பே இல்லாம சுண்ணாம்பா இருக்கு. வெறும் கால்சியம்! மாசக்கணக்கா சாப்பிட்ட ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தினா பிரஷர் படுத்துடும். உயிரே போயிடும்."

பேசிக்கொண்டே பையைக் கவிழ்த்து ஊசி மருந்தைத் தேடி எடுத்து, சுராயாவின் கையில் ஊசி போட்டார்.

அற்புதசாமி நஜிமுதீனை நெருங்கினார்.

"யாரும் விஷம் வைக்கலை. மருந்தைத்தான் எடுத்துட்டாங்க. பீரோ சாவி உங்ககிட்ட. மாத்திரை கொடுத்ததும் நீங்க. எல்லாரும் பதறினப்ப, குறைஞ்சா நல்லதுதானேன்னு கேட்டீங்க. பிரஷர் இறங்கணும்னு காத்துக்கிட்டிருந்தவர்தான் அப்படிக் கேப்பார். நீங்கதான் மாத்தினீங்க."

நஜிமுதீன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அத்தா பிரஷர்லதாங்க மௌத்தானாங்க. பேசிக்கிட்டே இருந்தவங்க, அப்படியே சாய்ஞ்சாங்க. நூத்தி எழுபதுன்னு கேட்டதிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. மருந்தை நிறுத்தணும்னு சொன்னா டாக்டரும் விடமாட்டாங்க, இவளும் விடமாட்டா. காப்பாத்தறதா நினைச்சுத்தான் செஞ்சேன்."

சாரா பீவி எழுந்தார். தெருவாசலில் நின்று, கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "கமருன்னிசா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அபாண்டமா பேசிட்டேன்."

உச்சிப் பொழுதில் சுராயா கண் திறந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

"பிரஷர் ஏறும்னு எனக்கும் தெரியுங்க. தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். படுத்தே கிடக்கறதைவிட அது எனக்குப் பெரிசில்ல. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

நஜிமுதீன் பீரோ சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.