படம் வராத படகு

மர ட்ரே ஒன்றை இரு கைகளாலும் ஏந்தியபடி அந்தப் பெண் கடைக்குள் வந்தாள். ட்ரேயின் நடுவில் ஒரு கேம் கன்ட்ரோலர் ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருந்தது. பின்னால் அவளுடைய கொழுந்தன், கேம் பெட்டி இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடி வந்தான்.

"தம்பிதான் இதைக் கெடுத்தது. ஒத்துக்க மாட்டேங்குது."

"அண்ணி, சத்தியமா நான் தொடவே இல்ல."

பழுது பார்ப்பவருக்கு அந்தத் தெருவில் 'ஆமை' என்று பெயர். எதையும் அவசரப்பட்டுத் திறக்கமாட்டார். கடையில் உதவிக்கு இருந்த அவருடைய மச்சினியைப் 'பட்டாசு' என்பார்கள். ஏனென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"உக்காந்து சொல்லுங்கம்மா" என்றார் ஆமை.

அவள் சொன்னாள். கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியும் வாங்கிய படகு ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒருவர் கை நின்றால் படகு செக்குமாடு மாதிரி சுற்றும். அந்தக் காலத்துப் பெட்டி செத்துப்போன பிறகு, கொழுந்தன் புதுப் பெட்டியில் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். கம்பெனி தந்ததல்ல, ஆர்வக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி எல்லோருக்கும் பகிர்ந்தது. புதுப் பெட்டியைப் பழைய பெட்டி போல நடிக்க வைக்கும்.

"அவருக்கு நரம்பு வியாதி. வலது கை போயிடுச்சு, ஒரு பட்டனை அழுத்துற அளவுக்குத்தான் விரல் இருக்கு. இடது கைதான் மிச்சம். அது அசையுற வரைக்கும் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால தினமும் ஆடுவோம். அவர் துடுப்புப் போட்டா எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கும்."

"எப்போ நின்னுச்சு?"

"போன வாரம். ஆடலாமான்னு கேட்டேன். 'அது ஓடாது, விடு'ன்னார். போட்டுப் பாத்தேன், நிஜமாவே ஓடல. சத்தம் மட்டும் வருது, படமே இல்ல. கொஞ்ச நாளா அவருக்குக் குளிர் வேற. கையைப் போர்வைக்குள்ளயே வெச்சிருக்கார். எனக்குப் பயமா இருக்கு சார். ஆடாம விட்டா அந்தக் கையும் மரத்துடுமே."

பட்டாசு அதற்குள் கொழுந்தன் பக்கம் திரும்பிவிட்டாள். "நீங்க அப்டேட் ஏதாவது போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

"இரு" என்றார் ஆமை.

பெட்டியைக் கடை டிவியில் மாட்டினார். அதே மென்பொருளில் இருந்த வேறு பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று வந்தன. படகு ஆட்டத்துக்கு மட்டும் திரை இருண்டது. இருட்டுக்குள் அலைச் சத்தம் கேட்டது. ஆட்டத்தின் கோப்பைத் தன் பெட்டியில் ஏற்றிப் பார்த்தார். ஓடியது.

"பெட்டியில குத்தம் இல்ல, கோப்புலயும் இல்ல."

பிறகு ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் இடதுபக்கக் குமிழை விளக்கடியில் பார்த்தார். ரப்பரில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

"நாய்!" என்றாள் பட்டாசு.

"எங்க வீட்ல நாய் இல்லைங்க."

"அப்ப எலி!"

"எலி கடிச்சா பிஞ்சிருக்கும். இது பிய்க்கல, பிடிச்சிருக்கு" என்ற ஆமை, படகு ஆட்டத்துக்கான அமைப்புப் பட்டியலைத் திறந்து கடைசி வரி வரை பார்த்தார். "அம்மா, இதைச் சரி பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடவா?"

"யார் செஞ்சதுன்னு தெரியணும் சார்."

ஆமை பெருமூச்சு விட்டார். "படகு ஆட்டத்துக்குன்னு தனியா இருக்கிற அமைப்புல, சாதாரண டிவி எதுவும் காட்டாத ஒரு பட முறையை யாரோ வெச்சிருக்காங்க. தானா நடக்காது. பட்டியல்ல ரொம்பக் கீழே போகணும், உறுதியான்னு கேக்கும், ஆமான்னு அழுத்தணும். அதுக்கு நேர் மேல் வரியிலயே 'அழி'ன்னு இருக்கு. பகையில செஞ்சவங்க அதைத்தான் அழுத்தியிருப்பாங்க. இவர் அழிக்கல. மறைச்சு வெச்சிருக்கார்."

"இவர்னா?"

"தம்பிக்கு ரெண்டு கை இருக்கு. குமிழைப் பல்லால திருப்ப வேண்டிய அவசியம் இல்ல. அதோட, நீங்க போட்டுப் பாக்கறதுக்கு முன்னாடியே அது ஓடாதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு."

கொழுந்தன் ட்ரேயைப் பார்த்தான். அண்ணன் மடிக்கு அளவெடுத்து அவன் கையாலேயே அறுத்த பலகை அது. அதன்மேல் அண்ணன் குனிந்திருப்பதை அவன் மனம் பார்த்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"இடது கை...?" என்றாள் அவள்.

"போயிடுச்சும்மா. ஆட உக்காந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும். அதான் ஆட்டத்தையே நிறுத்திட்டார்."

அவள் அழவில்லை. "குளிர்னு சொன்னப்பவே நான் போர்வையை விலக்கிப் பாத்திருக்கலாம். பாக்கல. தெரியாம இருந்தேனா, தெரிய வேண்டாம்னு இருந்தேனா... எனக்கே சொல்லத் தெரியல."

பட்டாசுக்குத் தாங்கவில்லை. மேசையில் கிடந்த வேறொரு கன்ட்ரோலரை எடுத்து, அமைப்பை மாற்றி, ஆட்டத்தைப் போட்டாள். நீலத் தண்ணீரும் படகும் திரையில் வந்தன. "பாருங்கக்கா, வந்துடுச்சு!"

அவள் அந்தப் படகைப் பார்த்தபடி நின்றாள்.

"பழையபடி கெடுத்துடுங்க" என்றாள்.

"அக்கா..."

"அவர் இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சிருக்கார். நான் சரி பண்ணிக் கொண்டுபோய் முன்னால வெச்சா, அவர் என்ன செய்வார்? மருந்து கேக்குதுன்னு நான் நம்பணும்னு ஆசைப்படறார். நம்பறேன்."

பட்டாசு மாமாவைப் பார்த்தாள். ஆமை தலையசைத்துவிட்டு, தானே கன்ட்ரோலரை வாங்கி, பட்டியலில் கீழே கீழே போய், உறுதியா என்ற கேள்விக்கு ஆமாம் என்று அழுத்தினார். திரை இருண்டது.

கொழுந்தன் பெட்டியைப் பையில் வைத்தான். அவள் ட்ரேயை எடுத்துக்கொண்டாள், ஆனால் கிளம்பவில்லை.

"என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுங்க. விவரமானவர், துருவித் துருவிக் கேப்பார்."

"பழைய சாஃப்ட்வேர், புது டிவிக்கு ஒத்துவராதுன்னு சொல்லுங்க" என்றார் ஆமை.

"பழைய சாஃப்ட்வேர், புது டிவிக்கு ஒத்துவராது." மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

"ஒத்துவராதாம்னு சொல்லுங்க அண்ணி" என்றான் கொழுந்தன், ட்ரேயை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. "கடைக்காரர் சொன்ன மாதிரி இருக்கட்டும்."

"ஒத்துவராதாம்" என்றாள் அவள். "ஒத்துவராதாம்." படியிறங்கித் தெருவில் நடக்கும்போதும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.