மாசம் ஒரு முழம் ரிப்பன்

"உங்க பேர்ல இங்க பற்றுக்கணக்கு இல்லியே..."

குமாரதாஸ் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் ஜவுளிக்கடையில் 'இல்லை' என்ற சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் தெருக்கோடி வரை கேட்கும். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பூங்கனியின் முகம் சிவந்தது. குமாரகோவிலிலிருந்து தக்கலை வரை ஐப்பசி மழையில் நனைந்து வந்தவள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது... அதைப் பார்த்ததும் முதலாளி மகனான அவனுக்கு வியாபாரம் மறந்துபோனது.

"நல்லாப் பாருங்க. கிருஷ்ணமணின்னு இருக்கும். எங்க அப்பா பேரு."

"இருந்துது. ஆவணி ஒண்ணாந்தேதி புதுக்கணக்கு போட்டோம்லா... அதுக்கு முந்தின வருஷம் முழுக்கப் பற்று வாங்காதவங்க பேரை எடுத்தாச்சு."

"கடன் வாங்காததுக்கா பேரை வெட்டுனீங்க?"

"ஆமா."

"வாங்கிட்டுக் குடுக்காதவன் பேரு?"

"அது இருக்கு... அவன் எப்படியும் வருவாம்லா!"

அது அவன் அப்பா சுடலையாண்டி இந்த ஆவணியில் போட்ட புதுச் சட்டம். பாக்கி வைத்தவன் நம் ஆள். பாக்கியே வைக்காதவன் வேறு கடைக்காரனின் ஆள். வியாபாரிகள் மனிதர்களை நிறுப்பது இந்தத் தராசில்தான்.

கிருஷ்ணமணியோ வேறு ஜாதித் தராசு. "தக்கலையில எனக்குப் பற்று இருக்கு. ஒரு நாளும் தொட்டதில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். பெட்டிக்குள் பூட்டி வைத்த நகை மாதிரி அவருக்கு அந்தப் பற்று. இந்த வருஷம் அறுத்த நெல் களத்திலேயே நனைந்து முளை விட்டது. மகன் கல்யாணம் வெள்ளிக்கிழமை. மணப்பெண்ணுக்குச் சேலை எடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. முதல் தடவையாக நகையை எடுக்கப் பெட்டியைத் திறந்தால்... பெட்டி காலி!

வெறுங்கையோடு போனால் அப்பா சம்பந்தி வீட்டு முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பார்? எடுத்து வைத்த சேலையைப் பூங்கனி மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"என் பேர்ல எழுதுதேன். சேலையைக் கொண்டு போங்க" என்றான் குமாரதாஸ்.

"உங்க பேர்ல எழுதின சேலையை எங்க மதினி எதுக்குக் கட்டணும்? நீங்க எங்களுக்கு யாரு?"

கேட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். நடையில் அப்பாவின் கர்வம் அப்படியே இருந்தது.

குடையோடு பின்னால் ஓடினான். பஸ் நிற்கும் இடத்தில் பிடித்தான். குடை முழுக்கச் சேலைப் பொட்டலத்தின் மேலே. அவன் முழுக்க மழையில்.

"செரி, கோபப்படாதீங்க... உங்க அப்பா பேரையே திரும்ப ஏத்திட்டேன். கடை வழக்கப்படிதான், யாரும் யாருக்கும் தானம் குடுக்கல. ஆனா ஒண்ணு... மாசா மாசம் ஏதாவது பற்று வாங்கணும். ஒரு மாசம் விட்டாலும் பேரு போயிரும்."

"மாசா மாசமா?"

"சின்னதாப் போதும். ஒரு முழம் ரிப்பன்..."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பேரம் பேசிப் பழகிய கண்கள்தான். ஆனாலும் ஏதோ ஒரு மூலையில் பயந்துபோய் இருந்தன... பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் நீல ரிப்பன். மார்கழியில் மஞ்சள்.

"சாயம் போவுமா?"

"போனா மாத்தித் தாறேன். அடுத்த வாரமே வாங்க."

"சாயம் போவும்னு நீங்களே வேண்டிக்கிடுவீங்க போலிருக்கே!"

தையில் அடுத்த போகம் நெல் விற்ற காசு கொண்டுவந்து சேலைக் கடனைத் தீர்த்தாள். தீர்த்த கையோடு பச்சை ரிப்பன் ஒரு முழம் பற்றெழுதச் சொன்னாள். லாபத்துக்கே பிறந்த குமாரதாஸ் அதை இரண்டு முழமாக அளந்தான். சுடலையாண்டி கண்டிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

பங்குனியில் அவள் வரவில்லை. சித்திரையிலும் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸும் யார் யாரையோ இறக்கிவிட்டுப் போனது...

விஷயம் கிருஷ்ணமணி காதுக்குப் போயிருந்தது. "ஏட்டி, என் பேர்ல ரிப்பனுக்குக் கடனா? இனி தக்கலைப் பக்கம் போகப்படாது!"

ஆவணி ஒன்று வந்தது. கடையில் குத்துவிளக்கு, சந்தனம், சர்க்கரை. பற்றுக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு. குமாரதாஸின் கண் வாசலிலேயே கிடந்தது. தூறலோடு கிருஷ்ணமணி ஏறி வந்தார். பின்னால்... பூங்கனி!

"முதலாளி, என் பேரை நீரே எடுத்திரும். மாசா மாசம் ரிப்பன் வாங்கி நமக்குக் கட்டுப்படி ஆகாது" என்றார் கிருஷ்ணமணி.

"மாசா மாசமா?" சுடலையாண்டி வாயைப் பிளந்தார். "எந்த மடையன் சொன்னான்? வருஷத்துக்கு ஒரு தடவ போதுமேய்யா! உம்ம பேரு கல்லு மாதிரி இருக்கு."

கடையே குமாரதாஸைப் பார்த்தது. அவன் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தான். மெல்ல வாசலுக்கு நழுவினான்.

கிருஷ்ணமணி பெஞ்சில் உட்கார்ந்தார். "இது உம்ம பையன் வேலைன்னு நானும் நினைச்சேன். மக பெட்டியில ரிப்பனாக் கிடக்கு முதலாளி, ஒரு சுருளும் அவிழ்க்கல. அதான் பையனைப் பாக்க நானே வந்தேன்."

வாசலில் பூங்கனி நின்றாள்.

"பொய்தான் சொன்னேன்" என்றான் குமாரதாஸ். "வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னா, நீங்க ஒரு தடவதானே வருவீங்க... என்னால அவ்வளவு நாள் தாங்க முடியாது. அன்னைக்கே முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு."

"எங்க பக்கத்து வீட்டு பகவதியம்மாள் அத்தை இருக்காவ இல்லியா..."

"ஆமா?"

"வருஷத்துக்கு ஒரு துவர்த்துத் துண்டுதான் வாங்குதாவ. அவிய பேரு இன்னும் இருக்கு. அதைக் கார்த்திகையிலேயே எங்கிட்ட சொல்லிட்டாவ."

அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "கார்த்திகையிலேயா...! அப்போ மார்கழி, தை, மாசி எல்லாம்?"

பூங்கனி தலை குனிந்தாள். பின்னலில் எப்போதும்போல் பிச்சிப்பூதான். தூறல் அதன் மேல் முத்து முத்தாய் நின்றது.

"இத்தனை மாசத்துல..." குரல் மழைக்குள் கரைந்தது, "நான் ஒரு நாளாவது ரிப்பன் கட்டிப் பாத்திருக்கீங்களா?"