விலக்குப் பட்டியல்

நகலில் ஒரு பதிவு குறைந்தது.

மூலத் தரவுத்தளத்தில் நாற்பத்தொரு லட்சத்து எட்டாயிரத்து முந்நூற்று ஐந்து பேர் இருந்தனர். நகலில் ஒருவர் இல்லை. நகரத்தின் குடிமக்கள் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் சுமந்த பழைய இயந்திரம் அன்று மாலை நான்கு மணிக்கு அழிக்கப்படவிருந்தது; அதன்பின் நகலே பதிவேடு. ஆகவே, குளிரூட்டியின் ஓயாத முனகலும் சூடேறிய தூசியின் மணமும் நிறைந்த அந்தச் சன்னலற்ற அறையில், பொறியாளர் மீண்டும் எண்ணிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு குறையுது."

அடுத்த மேசையிலிருந்த தலைமை நிர்வாகி நிமிரவில்லை. "நாப்பத்தோரு லட்சத்துல ஒண்ணா? கடல்ல கரைச்ச பெருங்காயம். விடும்மா."

மூன்று வாரங்களுக்கு முன்பும் இதே கனிவான குரல்தான் முடிவு செய்தது. நாள்தோறும் முழு நகல் எடுக்க வேண்டுமென்று பொறியாளர் வாதிட்டிருந்தாள். "முழுசா எடுத்தா ரெண்டு நாள் ஓடும். ஒரு தடவை மொத்தமா, அப்புறம் மாறினது மட்டும். எதையெல்லாம் விடணும்ங்கிற பட்டியலை நான் போட்டுக்கறேன்," என்றாள் அக்கா. தற்காலிகக் கோப்புகளாக இருக்குமென்று எண்ணிப் பொறியாளர் படிக்காமலே ஒப்பமிட்டாள். தன் பிரசவ வலியின்போது கையைப் பற்றிக்கொண்டு உடனிருந்த அக்காவிடம் எதைச் சரிபார்ப்பது?

இப்போது அப்பட்டியலைத் திறந்தாள்.

அதில் கோப்புகளே இல்லை. நான்கு குடிமக்கள் எண்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அக்காவின் பயனர் பெயரும் ஒரு தேதியும். முதல் மூன்றின் தேதிகள், இதற்குமுன் இயந்திரம் மாற்றப்பட்ட மூன்று நாள்கள்.

பொறியாளரின் மேசையின் கீழ் இழுப்பறையில், அவள் பணியில் சேர்ந்த நாள்முதல், ஒரு மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் ஒற்றைச் சாவியும் கிடந்தன. யாருடையவை என்று கேட்டபோது, "யாருக்குத் தெரியும்," என்றிருந்தாள் அக்கா.

நான்காவது எண் பொறியாளருடையது.

"ஏன்க்கா?"

"யாராவது ஒருத்தர் வெளிய நிக்கணும்மா. அப்பத்தான் மத்தவங்க எல்லாரும் உள்ள ஏறுவாங்க."

"என்னையா?"

"வேற யாரு என்னை நம்பி படிக்காம கையெழுத்துப் போடுவா?"

எண்ணை நீக்க முயன்றாள். கடவுச்சொல் செல்லவில்லை. மறுபடியும். செல்லவில்லை.

நான்கு மணி.

பழைய இயந்திரத்தின் விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அறையில் அதுவரை கேட்டிராத அமைதி. வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"பாப்பா, அம்மாடா."

மூச்சுச் சத்தம். பிறகு, தொலைவில், மகளின் குரல்: "அப்பா, போன்ல சத்தமே வரல."

காவலாளி கதவைத் திறந்தார். "மேடம், நீங்க மட்டுந்தானா? பூட்டிடலாமா?"

"ஒரு நிமிஷம்ப்பா." அக்கா எழுந்தாள். பொறியாளரின் மேசையிலிருந்து, பல் விழுந்த வாயுடன் சிரிக்கும் சிறுமியின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாள். அக்குழந்தைக்குப் பெயரிட்டவளே அக்காதான்.

"இது யாரு வீட்டுக் குழந்தை?"

முகத்தில் நடிப்பில்லை. பொறியாளர் தேடிப் பார்த்தும், துளிகூட இல்லை.

அக்கா கீழ் இழுப்பறையைத் திறந்து, கண்ணாடிக்கும் கடிகாரத்துக்கும் அருகில் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பொறியாளர் கையை நீட்டித் தடுத்தாள்.

இழுப்பறை அவள் விரல்களின் ஊடே மெல்ல மூடிக்கொண்டது.