நான்கு விரல் இடைவெளி

மண்ணரையில் அந்த லைன் வீடுகளின் முன் வண்டியை நிறுத்தியபோதுதான் எந்த வீடு என்று தெரிந்தது. ஐந்தில் மூன்றாவது. சுவரின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

அன்று மாதாந்திர மின்தடை. பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் நின்றிருந்தன. மற்ற நாட்களில் அந்தத் தெருவில் எந்தச் சுவரைத் தொட்டாலும் அதிரும். அன்று தொட்டேன். அதிரவில்லை.

"வாங்கண்ணா," என்றாள் அனிதா. தச்சு வேலைக்கு என்னைப் போனில் கூப்பிட்டவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கரண்ட் இல்லாததால் லீவு. அவளுடைய அப்பா கருப்புசாமி முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பக்கவாதம். இடது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போல.

வீட்டில் இரண்டே அறைகள். உள்ளறையில்தான் அவர் படுப்பது. கதவு உள்பக்கம் திறக்கும்.

"பகல்ல நான் இருக்கறதில்லீங்க. அப்பா கதவுகிட்ட உழுந்துட்டாருன்னா அவரு ஒடம்பே கதவ அடைச்சுக்கும். ஆரு தள்ளித் தொறக்கறது? வெளிய தொறக்கற மாதிரி மாத்திக் குடுங்க."

சரியான யோசனை. இரண்டு வருடம் முன்பு யாருக்கும் தோன்றாத யோசனை.

அளந்தேன். வெளியே திறந்தால் அடுப்பு மேடையில் இடிக்கும். கீலை வலப்பக்கம் மாற்றினால் கதவு சுவரோடு ஒட்டி நிற்கும். பீரோவை ஒரு முழம் நகர்த்த வேண்டும்.

"ஊட்டு ஓனருகிட்ட சொன்னனுங்க. கதவுக்கு வயசாயிருச்சும்மாங்கறாரு. எங்கப்பனுக்குந்தான் வயசாயிருச்சு, நான் என்ன மாத்தவா முடியுதுன்னேன்." அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணுங்க. ஞாயித்துக்கெழமை ஊட்ல இருந்தா பாக்கறேன். கதவு நாலு விரலுக்குத் தொறக்கும். அப்புறம் நின்னுக்கும். ரொம்ப நேரங்கழிச்சு அதுவே உட்டுரும்."

"மத்தியானமா?"

கேட்டிருக்கக் கூடாது.

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மரம் வெயிலுக்கு உப்பும்மா."

மரம் வெயிலுக்கு உப்பாது. மழைக்குத்தான் உப்பும்.

கதவைத் தள்ளினேன். நான்கு விரல் திறந்தது. நின்றது. தரையில் உரசவில்லை. நிலையில் இடிக்கவில்லை. பின்னால் ஏதோ மெத்தென்று இருந்தது.

"பொறு சாமி," என்றார் கருப்புசாமி. வார்த்தைகள் வாயின் ஒரு பக்கமாக வந்தன. "அந்தம்மா ஏந்திரிக்கட்டும்."

"கதவு சிக்குனா இப்படித்தானுங்க சொல்றாரு," என்றாள் அனிதா. "ஒரு நா அந்தம்மாளுக்குக் காப்பி வெக்கச் சொல்லிட்டாரு."

மணி பார்த்தேன். இரண்டு.

*

அந்த வீட்டில் இரண்டு வருடம் முன்பு மயிலாள் என்றொரு அம்மா தனியாக இருந்தார். கம்பெனியிலிருந்து பனியன்கள் கட்டுக் கட்டாக வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி, மடித்து, திருப்பி அனுப்புவார். கட்டுகளை உள்ளறைக் கதவுக்குப் பின்னால்தான் அடுக்குவார். வேறு இடமில்லை. அதனால் அந்தக் கதவு எப்போதும் பாதிதான் திறக்கும். தெருவுக்கே தெரியும்.

தாழ்ப்பாள் போட்டுத்தரச் சொல்லியிருந்தார். போனேன். வாசல் திறந்திருந்தது. கூப்பிட்டேன். உள்கதவைத் தள்ளினேன். நான்கு விரல். மெத்தென்று நின்றது.

துணிக்கட்டு என்று நினைத்தேன். "அப்பறமா வர்றனுங்கம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது மணி இரண்டு.

இருட்டிய பிறகு ஜன்னலை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். கதவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தாராம். நாலு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்று கட்டுகள் எதுவும் அங்கே இல்லை. காலையிலேயே வேன் வந்து எடுத்துப் போயிருந்தது.

நான் போனதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி ஜெயசுதாவிடம்கூட.

இன்னொன்றையும் சொல்லவில்லை. அன்று நான் தள்ளியபோது அது உள்ளேயிருந்து திரும்பத் தள்ளியது. லேசாக.

துணிக்கட்டு நகரும். திரும்பத் தள்ளாது.

*

அனிதாவின் வீட்டில் நான்கு மணிக்குக் கதவு விட்டது. அறையில் யாரும் இல்லை. கட்டில், ஜன்னல், சிமெண்டுத் தரை.

கதவைக் கழற்றினேன். கீலின் இடுக்கில் வெள்ளை நூல் பிசிறு இருந்தது. மயிலாளுக்குப் பிறகு இரண்டு முறை வெள்ளையடித்த வீடு. நூலில் சுண்ணாம்பு படவில்லை. புதுப் பனியன் வாசனை அடித்தது.

நிலையின் வெளிப்பக்கம் கதவு பதியக் காடி வெட்டி, கீலை வலப்பக்கம் மாற்றி, கதவை மாட்டினேன். திருப்புளி திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டத் தொடங்கியது. கரண்ட் இன்னும் வராததால் அனிதா மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போனாள்.

கதவைச் சாத்தி, பொருந்துகிறதா என்று உள்ளங்கையை வைத்தேன்.

உள்ளேயிருந்து தள்ளியது.

நான் அழுத்தினேன்.

மறுபடி தள்ளியது. பலம் இல்லாத தள்ளல். கீழேயிருந்து வந்தது. முழங்கால் உயரத்திலிருந்து.

தோளைக் கொடுத்துக் கதவில் சாய்ந்தேன். இந்த முறை அடைத்துக்கொண்டு நின்றது நான்.

"உடு சாமி," என்றார் கருப்புசாமி. "வரட்டும்."

விலகினேன். கதவு திறந்து சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. யாரும் வரவில்லை. ஆனால் கருப்புசாமியின் கண்கள் தரையோடு மெதுவாக நகர்ந்தன. அறை வாசலிலிருந்து அடுப்பு மேடைக்கு. அங்கிருந்து என் கால்களுக்கு.

அங்கேயே நின்றன.

அதற்குப் பிறகு அந்தக் கதவு சிக்கவில்லை என்று அனிதா போனில் சொன்னாள். அப்பா நன்றாகத் தூங்குகிறாராம்.

*

என் வீடு பெருமாநல்லூரில். நானும் ஜெயசுதாவும் மட்டும். அவள் காலை எட்டரைக்குக் கம்பெனி வேனில் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். எங்கள் படுக்கையறைக் கதவு உள்பக்கம் திறக்கும்.

அனிதா வீட்டு வேலை முடிந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். கதவு நான்கு விரல் திறந்து நின்றது.

ஜெயசுதாவோ என்று பதறி ஜன்னலுக்கு ஓடினேன். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. திரும்பி வந்து தள்ளினேன். திரும்பத் தள்ளியது.

"நான் போகலீங்கம்மா," என்றேன்.

நாலு மணி வரை கதவில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தள்ளல் குறைந்துகொண்டே வந்தது. நாலுக்கு நின்றது. கதவு தானே திறந்தது. தரையில் வெள்ளைப் பிசிறு.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு பார்ப்பதில்லை. எந்த வேலையில் இருந்தாலும் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

"ஊர்ல இருக்கற ஊட்டுக் கதவெல்லாம் மாத்தறீங்க. நம்ம கதவுதான் உங்க கண்ணுக்குத் தெரியாது," என்றாள் ஜெயசுதா நேற்று இரவு. "பீரோவும் கட்டிலும் போக நிக்கறக்கு எடமில்ல. வெளிய தொறக்கற மாதிரி வெச்சா என்னவாம்?"

"மாத்துனா போயிரும்."

"என்னது போயிரும்?"

லைட்டை அணைத்தேன். அது வேறொரு வீட்டுக்குப் போகும். அங்கே யாராவது தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார்கள்.

"காத்தாலைல இருந்து தலை சுத்துது," என்றாள் அவள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று விடியும் முன்பே அவிநாசியில் ஒரு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மணிக்கு வந்தேன். நான்கு விரல். மெத்தென்று நின்றது. கை வைத்து உட்கார்ந்தேன்.

"நான் இங்கதான் இருக்கறனுங்கம்மா."

மூன்று மணி. மூன்றரை. தள்ளல் குறைந்துகொண்டே வந்தது.

நாலு மணி ஆயிற்று.

நிற்கவில்லை.

நாலேகாலுக்கும் நிற்கவில்லை. லேசாக, விட்டுவிட்டு, தள்ளிக்கொண்டே இருந்தது.

திரும்பி வாசலைப் பார்த்தேன்.

ஜெயசுதா கம்பெனிக்குப் போட்டுப் போகும் செருப்பு அங்கேயே கிடந்தது.