மூன்றாம் பாகத்துக்கு ஒரு ஓட்டு

தம்பி ஸ்கூட்டரை நிறுத்திய பிறகும் கண்டக்டரம்மா இறங்கவில்லை. அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, ஸ்டாப்பிங் வந்தாச்சு. இறங்கறவங்க எல்லாம் இறங்கலாம்."

ஒவ்வொரு தடவையும் அவன் இதைத்தான் சொல்வான். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"சாயங்காலம் உன்கிட்ட ஒண்ணு பேசணும்டா."

"இப்பவே பேசேன்."

"சாயங்காலம்."

பேச வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இனி இங்கே வரமாட்டேன், போதும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வேலை பார்த்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்தவள். அப்போது கால் வலித்ததே தவிர மனசு அலுக்கவில்லை. இங்கே ஒரு நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை வெளியே அனுப்பி, கழுவி, திரும்ப வாங்கிக்கொள்வதில்தான் அலுத்துப்போயிற்று. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். டாக்டர் மென்று முழுங்காமல் சொல்லிவிட்டார்: நிறுத்தினால் ரொம்ப நாள் தாங்காது.

டயாலிசிஸ் அறை தரைத்தளத்தில், கட்டிடத்தின் கோடியில் இருந்தது. அதற்குக் கீழே அறையோ கிடங்கோ கிடையாது, வெறும் மண். அதனாலோ என்னவோ தரையிலிருந்து எந்நேரமும் ஒரு சில்லிப்பு ஏறும். மெஷினைக் கழுவிய வினிகர் வாடை மூக்கிலேயே தங்கும். பெரிய ஜன்னல் வழியாக மத்தியான வெயில் உள்ளே விழும். ஆனால் அந்த வெயிலில் யாருக்கும் சூடு ஏறியதில்லை. எல்லாரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டுதான் கிடப்பார்கள்.

"சிஸ்டர், எடை பாக்கணும்."

"இதோ வரேன்."

சிஸ்டர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். மெஷின் கத்தினாலும், போன் அடித்தாலும், யாராவது இருமினாலும் இதோ வரேன். பகல் டியூட்டியோடு இன்னொருத்தி டியூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறவள். கண்ணுக்குக் கீழே மை பூசியது போலக் கறுத்திருந்தது.

கையில் ஊசிகள் ஏறின. பம்ப் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார்.

"என்ன கண்டக்டரம்மா, இன்னைக்காவது புத்தி வந்துச்சா? ரெண்டாவதா, மூணாவதா?"

"வந்து படுக்கலை, அதுக்குள்ளயா?"

"தப்பான ஓட்டு போட்டா சாயங்காலம் வரைக்கும் விடமாட்டேன்."

வாத்தியார் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆனால் இந்த அறையில் பேச்சு எல்லாம் 'கீழ்வீடு' பற்றித்தான். ஆறு பாகம் வந்த பழைய பேய்ப்படம் அது. மாடியில் ஒரு குடும்பம் குடிவரும். கீழ்வீடு பூட்டிக் கிடக்கும். அங்கிருந்து யாரோ கட்டைக் கம்பால் கூரையை இடிப்பார்கள். டொக். டொக். டொக். பிறகு ஒரு பெண் குரல்: "மேல யாரு?"

பதில் சொல்லக்கூடாது. சொன்னவர் கீழே போவார். போனவர் திரும்பமாட்டார். ஆறு பாகத்துக்கும் கதை இவ்வளவுதான்.

நாலாவது பாகம் மட்டம் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அதில் கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு சோகக் கதை வைத்திருந்தார்கள். "பேய்க்கு எதுக்கய்யா மூக்கைச் சிந்தற கதை? அது பாட்டுக்கு வந்து பயமுறுத்திட்டுப் போகட்டுமே," என்பார் வாத்தியார். அஞ்சாவதில் பாட்டு வைத்தார்கள். அதைப் பற்றிப் பேசுவதே கேவலம். ஆறாவது வந்ததையே பலர் மறந்துவிட்டார்கள்.

சண்டை எல்லாம் எது சிறந்தது என்பதில்தான். கண்டக்டரம்மா ரெண்டாவது பாகத்தின் கட்சி. அதில் மாடிவீட்டுப் பெண் ராத்திரி ராத்திரியாக அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், கடைசியில் தானே "இதோ வரேன்" என்று சொல்லி, செருப்பைக்கூடப் போடாமல் படி இறங்குவாள். மூணாவது முழுக்கப் பட்டப்பகலில் நடக்கும். அதில் வருகிறவள் வாயைப் பொத்திக்கொண்டு பொழுது சாயும்வரை பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள். வாத்தியாருக்கு அதுதான் உசத்தி. போட்டோக்காரருக்கும் அதுதான்.

போட்டோக்காரர் எதிர் நாற்காலியில் இருந்தவர். தொண்டை வறளாமல் இருக்க எப்போதும் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவார். "வெயில்ல பயமுறுத்தறதுதாம்மா வித்தை. இருட்டுல என் மச்சானே பயமுறுத்துவான்," என்பார். பேச்சு முற்றினால் ஓட்டெடுப்பு. ஊசி இல்லாத கையைத் தூக்க வேண்டும். அவர் மட்டும் வேகத்தில் ஊசி குத்திய கையைத் தூக்குவார். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடி வந்து திட்டுவாள். அவளையும் ஓட்டுக்கு இழுப்பார்கள். "எனக்குப் பேய்ப்படமே ஆகாது. இங்க உங்களைப் பாக்கறதே போதும்," என்று போய்விடுவாள்.

ஏழாவது பாகம் வரப்போகிறது, எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம், அதுவரை யாரும் ஒரு தடவைகூட இங்கே வராமல் இருக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியவரும் அவர்தான். பிறகு வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனார். அடுத்தடுத்து வராமல் இருந்தார். அதற்கப்புறம் வருவதற்கு அவர் இல்லை.

அந்த நாற்காலியில் இப்போது ஒரு ஆணிக்கடைக்காரர். நட்டு, போல்ட்டு, பூட்டு விற்கிறவர். ஓட்டுக் கேட்டபோது, "நான் சினிமாவே பாக்கறதில்லீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி ஏறியதும் தூங்கிவிடுவார். இன்றும் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாத்தியாரும் கண்ணயர்ந்தார்.

பம்ப் சுற்றும் சத்தம் மட்டும். வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது.

கண்டக்டரம்மாவுக்குக் கிராம்பு வாசனை வந்தது.

முதலில் நினைப்புத்தான் என்று இருந்தாள். வாசனை கூடிக்கொண்டே வந்தது, யாரோ பக்கத்தில் குனிந்து மூச்சு விடுவது போல.

எதிரே ஆணிக்கடைக்காரரின் கை மேலே எழுந்தது.

ஊசி குத்திய கை.

மெஷின் கத்தியது. "இதோ வரேன்," என்று சிஸ்டர் ஓடிவந்து கையை இறக்கி வைத்தாள். "கையைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை போட்டோக்காரரே..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள். "தூக்கமே இல்லை. யாரை யார்னு கூப்பிடறேன்னே தெரியலை," என்று முணுமுணுத்துவிட்டு அந்தக் கோடிக்குப் போனாள்.

ஆணிக்கடைக்காரரின் கண் மூடியேதான் இருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"கண்டக்டரம்மா."

அது ஆணிக்கடைக்காரரின் குரல் இல்லை.

ஆச்சரியம், பயத்துக்குக்கூட அவளிடம் தெம்பில்லை. "என்னய்யா," என்றாள் மெதுவாக. "எங்க இருக்கீங்க?"

"கீழ."

"கீழ மண்ணுதானே இருக்கு?"

"அதுக்கும் கீழ."

"அங்க எப்படி இருக்கு?"

"ஒரே பேச்சும்மா. இங்கயும் ரெண்டாவதா மூணாவதான்னுதான். சரிபாதி ஆளு அந்தப் பக்கம், சரிபாதி இந்தப் பக்கம். இழுபறி. அது தீர்ந்தாத்தான் அடுத்த படம் போடுவேன்னு அவ சொல்லிட்டா."

"எவ?"

கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது.

"நானே அங்க வந்துடலாம்னுதான் இருக்கேன்," என்றாள். தம்பியிடம்கூடச் சொல்லாததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். "அலுத்துப்போச்சுய்யா."

"ஐயோ, நீங்க வேணாம்மா." பழைய பதற்றம், பழைய வேகம். "நீங்க வந்தா ரெண்டாவது ஜெயிச்சுடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சீட் இல்லை என்று எத்தனை பேரை வாசலோடு இறக்கிவிட்டிருப்பாள். இப்போது அவளையே இறக்கிவிடுகிறார்கள்.

"அப்ப யாரு வேணும்?"

தூங்குகிறவரின் தலை மெல்லத் திரும்பியது. வாத்தியார் பக்கம்.

"வாத்தியார் வரட்டும். மூணாவதுக்கு ஒரு ஓட்டு. போதும்."

கண்டக்டரம்மா சட்டென்று வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாரே!" பக்கத்து நாற்காலியின் கையைத் தட்டினாள். "எழுந்திருங்க! ரெண்டாவதுதான் நல்ல படம்னு சொல்லுங்க!"

வாத்தியார் பாதிக் கண் திறந்தார். "என்னது?"

"ரெண்டாவதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நல்லாயிருக்கே நியாயம். தூங்கறவனை எழுப்பிக் கள்ள ஓட்டா?"

"விளையாட்டு இல்லை வாத்தியாரே. உயிர் போற விஷயம்."

"உயிரே போனாலும் எனக்கு மூணாவதுதான்," என்று சொல்லிவிட்டு அவர் புன்னகையோடு கண்ணை மூடினார்.

புன்னகை அப்படியே தளர்ந்தது.

தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

அவருடைய மெஷின் அலறியது.

"இதோ வரேன், இதோ வரேன்!" சிஸ்டர் பாய்ந்து வந்தாள். நாற்காலியின் கால்பக்கத்தை உயர்த்தினாள். குழாயில் உப்புத் தண்ணீரைத் திறந்தாள். கன்னத்தைத் தட்டினாள். "பிரஷர் இறங்குது... ஐயா, கண்ணைத் திறங்க. ஐயா!"

வாத்தியார் உதடு வெளுத்துக்கொண்டே போனது. கிராம்பு வாசனை மூச்சை அடைத்தது. எதிரே தூங்குகிறவரின் முகத்தில் யாருக்காகவோ காத்திருக்கிற பொறுமை.

கண்டக்டரம்மா ஊசி இல்லாத கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள்.

எத்தனை சண்டை போட்டிருக்கிறாள் அந்த ரெண்டாவது பாகத்துக்காக. அலுத்துப்போய்ப் படி இறங்கினாளே, அவளுக்காக.

கையைத் தூக்கினாள்.

"மூணாவதுதான்," என்றாள். பஸ்ஸின் பின்கோடிவரை கேட்கிற பழைய குரல். "மூணாவதுதான் நல்ல படம். என் ஓட்டு மூணாவதுக்கு!"

அலறல் நின்றது.

வாத்தியார் ஒரு நீண்ட மூச்சை இழுத்தார். உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. கண் திறந்ததும் முதல் வார்த்தையாக, "காதுல விழுந்துச்சும்மா. இனி மாத்திப் பேசக்கூடாது," என்றார்.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து ஒரு கணம் கண்ணை மூடினாள். "கொன்னுட்டீங்க ஐயா என்னை," என்றாள். பிறகு காலியான உப்புத் தண்ணீர்ப் பையை எடுத்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்குப் போனாள்.

வாசனை போய்விட்டது. ஆணிக்கடைக்காரர் தம் சொந்தக் குரலில் குறட்டை விட்டார். வெயில், பம்ப், வினிகர் வாடை. எல்லாம் பழையபடி.

டொக்.

கண்டக்டரம்மாவின் கால்மாட்டில்.

டொக். டொக்.

தரைக்கு அடியிலிருந்து. மண்ணுக்குள்ளிருந்து. நாற்காலியின் இரும்புக் கால் வழியாக அந்த அதிர்வு அவள் முதுகெலும்பு வரை ஏறியது.

"மேல யாரு?"

படத்தில் கேட்ட குரல் இல்லை. அதைவிடச் சாதாரணமான, அதைவிட ஓய்ந்துபோன ஒரு பெண் குரல். இழுபறி தீர்ந்தது, அடுத்த படம் தொடங்கிவிட்டது.

கண்டக்டரம்மா இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டாள். போர்வையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்தினாள். இத்தனை நாளாக எதற்கு ஏங்கினாளோ அது காலடியில் வந்து கூப்பிடுகிறது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் வாய் மறுத்தது. தம்பி சாயங்காலம் வருவான். ஸ்டாப்பிங் ஜோக்கைச் சொல்வான். அவள் சிரிப்பாள். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இல்லை என்பாள். பொழுது சாயும்வரை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மூணாவது பாகத்தில் அவள் இருந்தாளே, அதுபோல.

டொக். டொக். டொக்.

"மேல யாரு?"

வாத்தியார் விறைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் உள்ளங்கையும் வாய்மேல் ஏறியது. இரண்டு பேரும் மூச்சை அடக்கி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். பேய்ப்படம் பார்த்தவர்களுக்கு விதி தெரியும்.

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் முதுகைக் காட்டி நின்று கை கழுவினாள். ஒரு பேய்ப்படமும் பார்க்காதவள்.

கண்டக்டரம்மா வாயிலிருந்து போர்வையைப் பிடுங்கினாள். கத்த நினைத்தாள். சற்று முன் அறையையே அதிர வைத்த குரல் இப்போது வரவில்லை.

"மேல யாரு?"

சிஸ்டர் குழாயை மூடினாள். திரும்பக்கூட இல்லை.

"இதோ வரேன்," என்றாள்.