ஆணியில் தொங்கிய பட்டை

இருமல் நின்றுபோனதுதான் மேஸ்திரிக்கு முதலில் உறுத்தியது.

மூன்று வருடமாக அவர் பொண்டாட்டி இருமிக்கொண்டே கிடந்தாள். பக்கத்துப் பெயிண்ட் கிடங்குக் காற்றுதான் அவளை அரிக்கிறது என்று மேஸ்திரிக்குச் சந்தேகம். விசாரித்துப் போனதில் ஆய்வுக்கூடத்துப் பொண்ணு இரண்டு சிலிகான் பட்டைகளைக் கொடுத்தாள். ஒன்று பொண்டாட்டியின் கையில் ஏழு நாள். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, ஆள் புழங்காத அறையில் ஏழு நாள்.

"பட்டை எல்லாத்தையும் உறிஞ்சி வச்சுக்கும் ஐயா. கரைப்பான்ல ஊறப்போட்டா கக்கிடும். எது எதுன்னு மிஷின் பிரிச்சுக் காட்டும்."

"அடிச்சுக் கேக்காம ஊறப்போட்டுக் கேக்கறீங்க. நடக்கட்டும்."

மேஸ்திரி யாரையும் நம்புகிறவர் இல்லை. மாற்றி ஏமாற்றிவிடக் கூடாதென்று ஒரு பட்டையின் ஓரத்தில் பிளேடால் வெட்டுப் போட்டார். வெட்டில்லாததைப் பொண்டாட்டி இருமிக்கொண்டே எடுத்துப்போய், சாமான் அறைக்குள் கதவோர ஆணியில் மாட்டினாள். அவள் வெளியே வந்ததும் அவரே பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டார். வெட்டுப்பட்ட பட்டையை அவள் கையில் மாட்டினார். கை சில்லென்றிருந்தது.

அன்றோடு இருமல் இல்லை.

ஏழாம் நாள் அறைக்கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு ஆணிப் பட்டையை எடுத்தார். வெதுவெதுப்பு. தைல வாடை. வெயிலாக இருக்கும் என்று பூட்டினார். அவள் கைப் பட்டையையும் கழற்றி, இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பொண்ணு, மிஷின் கோடு போட்ட இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்றில் பெயிண்ட் வாடைக்கு ஒரே ஒரு சின்ன மேடு, மற்றபடி நேர்க்கோடு. இன்னொன்றில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். வியர்வை, தோல் எண்ணெய், இருமல் தைலம்.

"மாத்தி மாட்டிட்டீங்க ஐயா."

"வெட்டு எதுல இருக்கு பாரும்மா."

இடுக்கியால் தூக்கிக் காட்டினாள். நேர்க்கோட்டுப் பட்டையில்தான் இருந்தது.

"அப்ப இதை யாருமே போடலை. பொணத்துக்கு மாட்டியிருந்தாக்கூட ஏதாவது ஒட்டியிருக்கும்," என்று சிரித்தாள். மேஸ்திரி வீட்டுக்கு நடந்தார்.

பட்டப்பகல். குழாய் சொட்டுவதும், கிடங்கில் யாரோ தகரம் இழுப்பதும், சுவர்க் கடிகாரம் நகர்வதும் தனித்தனியாகக் கேட்கிற அளவுக்கு வீடு ஊமையாகக் கிடந்தது. பொண்டாட்டி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, என்ன சொன்னாங்க?"

"கிடங்குக் காத்துதானாம்."

உரசிக்கொண்டு உள்ளே போனார். அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. இந்த ஒன்பது நாளில் எப்போதாவது ஏறி இறங்கியதா? யோசித்தார். ஞாபகமில்லை.

சாமான் அறைக் கதவில் காதை வைத்தார்.

இருமல்.

வறண்டு. மெலிந்து. அவளுடையது.

"என்னங்க... திறங்க."

கதவடி இடுக்கில் நான்கு விரல் நுனிகள். நகங்கள் தேய்ந்து தேய்ந்து சதையோடு.

இடுப்பைத் தடவினார். வார் மட்டும் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் சாவி குலுங்கியது. காலடிச் சத்தமில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

கதவின்மேல் ஒரு நிழல் விழுந்தது. அதைக் கண்டுகொண்டதுபோல், அந்த நான்கு விரல்களும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.