கீழே யாராச்சும் கேக்கறீங்களா

அன்றைக்கு மோனிஷாவின் குரல் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி அப்போதுதான் வானொலிப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அலுமினியக் கம்பிகள் நீட்டிய கை ஆன்டெனாவுடன் வாசலுக்கு இறங்கியிருந்தார். மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்குள் அந்திநேர மூடுபனி நுழைந்துகொண்டிருந்தது. மரவள்ளிக் காட்டின் ஈரமண் வாசனையோடு எங்கோ பழுத்து வெடித்த பலாவின் வாசனையும் கலந்து வந்தது. ஆன்டெனாவை அவர் இன்னும் வானத்துக்குத் தூக்கவே இல்லை.

"வணக்கம். நான் மோனிஷா பேசறேன். கீழே யாராச்சும் கேக்கறீங்களா?"

கோவையில் கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து அவருடைய மகள் செய்த செயற்கைக்கோள் அது. சோறு கொண்டுபோகும் தூக்குப் போசி அளவுதான் இருக்கும். பூமியில் இருப்பவர்கள் வானொலியில் பிடித்துக் கேட்பதற்காக அவள் குரலைத்தான் அதில் பதிவுசெய்து வைத்தார்கள். அது ராக்கெட்டில் ஏறும் முன்பே டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகுதான் அறிவியல் வாத்தியாரான ஈஸ்வரமூர்த்தி, ராசிபுரத்திலிருந்து மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மனைவியோடு மலையேறினார். இங்கே வானம் கிட்டத்தில் இருக்கிறது என்று கோகிலவாணியிடம் சொன்னார். அவள் ஒருநாளும் வாசலுக்கு வந்து அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"செத்த புள்ளைய எதுக்குங்க தெனமும் கூப்புடறீங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

கூப்பிட அவரால் எங்கே முடிந்தது? அந்தப் பெட்டியில் கேட்க மட்டும்தான் முடியும்.

செயற்கைக்கோள் தாழ்ந்துகொண்டே வருவதாக மகளின் தோழர்கள் சொல்லியிருந்தார்கள். தாழ்ந்தால் வேகமாகச் சுற்றும், சீக்கிரம் வரும். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு ஆன்டெனாவை வடக்கு வானத்துக்கு நீட்டினார். குரல் தேய்ந்தது. மேற்கே திருப்பினார். இன்னும் தேய்ந்தது. கை தளர்ந்து கீழே இறங்கியபோது கணீரென்று கேட்டது. ஆன்டெனா மரவள்ளிக் காட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சரியில்லை. செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை நழுவும், குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்குத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. அது எங்கேயோ அசையாமல் நின்று பேசியது.

போன் அடித்தது. மோனிஷாவோடு படித்த சந்தோஷ்குமார்.

"அங்கிள், மனசத் தேத்திக்கங்க. நம்ம சாட்டிலைட் விடியக்காலமே எரிஞ்சு போச்சுங்க. கடலுக்கு மேலயே. ஒரு துண்டுகூட மிஞ்சல."

"இப்பப் பேசுதே சாமி..."

"இல்லீங்க அங்கிள். மேல ஒண்ணுமே இல்லீங்க."

இணைப்பு அறுந்தது. சுவர்க்கோழிகளின் ரீங்காரம் ஓய்ந்தது. பெட்டிக்குள் இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு மூச்சு.

"கீழே யாராச்சும் கேக்கறீங்களா?"

அதே சொற்கள். ஆனால் பதிவில் இல்லாத ஒரு விக்கல், அழுது களைத்த குழந்தையின் விக்கல், கடைசியில் ஒட்டியிருந்தது.

பதில் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி நாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, இவருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்ததும் பெட்டியை வாயருகே தூக்கினார்.

"கேக்குது கண்ணு," என்றார். "அப்பாவுக்குக் கேக்குது. ஊட்டுக்கு வா."

இரைச்சல் சட்டென்று நின்றது.

மரவள்ளிச் செடிகள் விலகின. காற்று இல்லை. ஒரு வரிசை. அடுத்த வரிசை. அந்தத் தடத்தில் மட்டும் மூடுபனி ஆவியாகிக் கலைந்தது. தீய்ந்த வாசனை. கம்பி தீய்வது போல. மயிர் கருகுவது போல. அனல் அவர் முகத்தருகே வந்து நின்றது. தயங்கியது.

அவரைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

"கோகிலா!" என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு மனைவியின் குரல். மகள் போனதிலிருந்து அவர் கேட்டிராத கனிவு அதில் இருந்தது.

"ஏஞ் சாமி, இத்தன தூரம் தனியாவா வந்தே? ஏன் மேலெல்லாம் இப்படிக் கொதிக்குது?"

சுவரைப் பிடித்துக்கொண்டே நிலைப்படியை எட்டினார்.

கோகிலவாணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரும் இல்லை. இல்லாத தலையை மார்போடு அணைத்து, இல்லாத முடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். கோதிய விரல்களில் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. முகம் நிறையச் சிரிப்பு. புடவையின் மார்புப் பக்கம், ஒரு முகத்தின் அளவுக்கு, மெதுவாகப் பழுப்பேறிக் கருகிக்கொண்டிருந்தது.